திரைக்கதை எழுத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது எப்படி

திரைக்கதையின் விதிகளைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரங்கள் போதும். காட்சித் தலைப்பை எப்படி எழுதுவது, பாத்திரத்தின் பெயர் பக்கத்தில் எங்கே வர வேண்டும், கதையை மூன்று பகுதிகளாக எப்படிப் பிரிப்பது என்பனவெல்லாம் எந்தப் பயிற்சி நூலிலும் கிடைக்கும். அப்படியிருக்க, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளைச் செலவிட்டு இதை ஒரு பல்கலைக்கழகத்தில் போய்ப் படிப்பது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். நீங்கள் எழுதியதைப் படித்தே ஆக வேண்டிய பத்துப் பேரும், எழுதி முடித்தே ஆக வேண்டிய தேதியும், எழுதியதைப் படமாக்கிப் பார்க்கக்கூடிய சக மாணவர்களும் வெளியுலகில் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது என்பதே என் பதில். பட்டத்தைப் பார்த்து யாரும் திரைக்கதையை வாங்குவதில்லை. ஆகவே எங்கே சேர்வது என்பதிலிருந்து கடைசிப் பருவத்தில் என்ன செய்வது என்பது வரை, திரும்பத் திரும்ப எழுதவும் அதைப் பிறர் படித்துக் கேட்கவும் எவ்வளவு வாய்ப்புக் கிடைக்கும் என்பதை வைத்தே முடிவெடுக்குமாறு இந்தக் கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

எங்கே சேர்வது

திரைக்கதைப் படிப்பு என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு படிப்புகள் நடக்கின்றன. இலக்கியத் துறைக்குள் படைப்பெழுத்தின் ஒரு கிளையாக இருப்பது ஒரு வகை. அங்கே வாசிப்பும் மொழிநடையும் நன்றாக வளரும், ஆனால் எழுதிய காட்சியை யாரும் எடுத்துக் காட்டப்போவதில்லை. ஊடகவியல் துறையில் சில தாள்களாக மட்டும் திரைக்கதை இருப்பது இன்னொரு வகை. அதில் திரைப்படக் கோட்பாடும் வரலாறும் மிகுந்து, எழுதும் நேரம் குறைந்துவிடும். திரைப்படப் பள்ளியில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றுக்கு இணையான தனித்துறையாகத் திரைக்கதை இருப்பது மூன்றாவது வகை. எழுத்தையே தொழிலாகக் கொள்ள நினைப்பவருக்கு மூன்றாவதே பெரும்பாலும் பொருத்தமானது என்றாலும், இடங்கள் மிகக் குறைவு என்பதால் முதலிரண்டு வகைகளிலும் நல்ல பிரிவுகளைத் தேடிவைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இந்த மூன்றாவது வகைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. மாஸ்கோவின் அரசுத் திரைப்படப் பள்ளி 1919-இல் தொடங்கியது. ரோமின் திரைப்பட மையம் 1935-இல், பிராக் நகரின் ஃபாமு 1946-இல், போலந்தின் லோட்ஸ் பள்ளி 1948-இல், புனேயின் திரைப்பட நிறுவனம் 1960-இல் வந்தன. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1929-லேயே திரைப்படத்தைப் பாடமாக்கிவிட்டது. ஃபாமுவின் தலைவராக இருந்த ஃப்ராங்க் டேனியல் பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று, அமெரிக்கத் திரைப்பட நிறுவனம், கொலம்பியாப் பல்கலைக்கழகம், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் கற்பித்தார். ஒரு முழுநீளக் கதையை எட்டுத் தொடர்களாக, அதாவது அடுத்தடுத்த காட்சிகளின் எட்டுத் தொகுதிகளாக, பிரித்துப் பார்க்கும் முறையை அவர் பரப்பினார். திரையரங்குகளில் படச்சுருள்களை மாற்றி மாற்றி ஓட்டிய காலத்தின் நினைவு அந்த முறைக்குப் பின்னால் இருக்கிறது: ஆயிரம் அடி நீளமுள்ள 35 மில்லிமீட்டர் சுருள் ஏறத்தாழ பதினொரு நிமிடம் ஓடும், ஒவ்வொரு சுருளும் தனக்கென ஒரு சிறு பதற்றத்தையும் அதன் தீர்வையும் கொண்டிருந்தால் பார்வையாளர் இருக்கையை விட்டு எழமாட்டார். மூன்று பகுதி அமைப்பைவிட இந்த எட்டுத் தொடர் முறை மாணவருக்கு உதவும் என்பது என் எண்ணம், ஏனெனில் நூறு பக்கத்தை ஒரே மூச்சில் நினைப்பது மலைப்பாக இருக்கும், பன்னிரண்டு பக்கத்தை நினைப்பது அப்படியல்ல.

இளங்கலை மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். முதுகலை ஒன்று முதல் மூன்று ஆண்டுகள். பள்ளிப்படிப்பு முடிந்ததும் நேராகத் திரைக்கதைக்குள் போவதைவிட, வேறொரு துறையில் இளங்கலை முடித்துவிட்டு முதுகலையில் இதைப் படிப்பதே நல்லது என்று சொல்லும் ஆசிரியர்கள் பலர். சட்டமோ செவிலியமோ புவியியலோ படித்தவருக்கு எழுதக் கையில் ஓர் உலகம் இருக்கும். திரைப்படத்தை மட்டுமே படித்தவர் திரைப்படம் எடுப்பவர்களைப் பற்றியே எழுதத் தொடங்கிவிடுவார் என்ற பகடியில் உண்மை இல்லாமல் இல்லை.

விண்ணப்பிக்கும் முன் அந்தத் துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரிடம் பேசிவிடுங்கள். விளம்பரக் கையேடு சொல்லாததை அவர் சொல்வார். பயிலரங்கில், அதாவது மாணவர்கள் எழுதியதைக் குழுவாகப் படித்துப் பேசும் வகுப்பில், ஒரு குழுவுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள்: பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போனால் உங்கள் பக்கங்களுக்கு முறை வர மாதமாகும். ஒரு மாணவர் ஒரே கதையை எத்தனை முறை திருத்தி எழுதி ஒப்படைக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரே ஒரு வரைவோடு மதிப்பெண் போட்டுவிடும் படிப்பில் திரைக்கதையின் பாதிதான் கற்பிக்கப்படுகிறது. எழுத்து மாணவர்களின் கதைகளை இயக்கம் பயில்வோர் எடுக்கிறார்களா, அல்லது எல்லா இயக்குநரும் தம் கதையைத் தாமே எழுதிக்கொள்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். தொலைக்காட்சித் தொடருக்குத் தனிப் பயிலரங்கு உண்டா என்பதும், மாணவர் எழுதியவற்றின் உரிமை யாரிடம் இருக்கும் என்பதும் மறக்காமல் கேட்க வேண்டியவை. பள்ளியின் பணத்தில் எடுக்கப்பட்ட குறும்படத்தின் உரிமையைச் சில நிறுவனங்கள் தம்மிடமே வைத்துக்கொள்ளும். அது தவறில்லை, கையெழுத்திடும்போதே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தோடு அனுப்புவது

பெரும்பாலான துறைகள் ஒரு குறுந்திரைக்கதையையோ சில காட்சிகளையோ கேட்கும். கூடவே உங்களைப் பற்றிய ஒரு குறிப்பும், சில இடங்களில் இரண்டு மூன்று கதைக்கருக்களும். பல ஆண்டுகளாக மனத்தில் சுமக்கும் மாபெரும் கதையின் சுருக்கத்தை அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்குங்கள். தேர்வுக்குழு நூற்றுக்கணக்கான கட்டுகளைப் படிக்கிறது, அவர்கள் உங்கள் கதையை அல்ல, உங்கள் கண்ணைத் தேடுகிறார்கள். இரண்டு மனிதர்கள், ஓர் இடம், ஒருவருக்கு வேண்டியதை மற்றவர் தர மறுப்பது என்ற அளவில் எட்டுப் பத்துப் பக்கங்களுக்குள் முடிகிற ஒரு கதையை நன்றாகச் செதுக்கி அனுப்புவது போதும். தன்குறிப்பில், சிறுவயதிலிருந்தே சினிமா பிடிக்கும் என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அந்தக் கட்டில் உள்ள எல்லாருக்கும் பிடிக்கும். அதற்குப் பதிலாக நீங்கள் கூர்ந்து கவனித்த ஒரு நபரையோ ஒரு பணியிடத்தையோ பற்றி ஒரு பத்தி எழுதுங்கள்.

முதல் பருவம்: பக்கமும் கடிகாரமும்

முதல் பருவத்தில் வடிவத்தைக் கற்றுத் தருவார்கள். காட்சித் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா என்பது இருக்கும். அதன் கீழே நிகழ்காலத்தில் செயல்விவரம், பிறகு பாத்திரத்தின் பெயர், அதன் கீழ் வசனம். நினைவு, எண்ணம், கடந்தகால வரலாறு என எதையும் கேமராவால் பிடிக்க முடியாது என்பதால் அவற்றைச் செயல்விவரத்தில் எழுதக் கூடாது. 'தன் தந்தையை எண்ணி வருந்துகிறான்' என்று எழுதினால், அதை எப்படி எடுப்பது என்று ஆசிரியர் கேட்பார். அந்தக் கேள்வி முதல் பருவம் முழுவதும் உங்கள் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு பக்கம் என்பது திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கையும் அப்போதே சொல்வார்கள். முழுநீளப் படத்துக்கு 90 முதல் 120 பக்கங்கள், ஒரு மணிநேரத் தொடரின் அத்தியாயத்துக்கு 45 முதல் 60 என்பது புழக்கத்தில் உள்ள அளவு. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் அமைந்த கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த பக்கத்தை வைத்துப் பிறந்த கணக்கு அது. தமிழில் எழுதும்போது அது அப்படியே பொருந்தாது. நம் எழுத்துகள் அகலத்தில் வேறுபடுபவை, சொற்களும் நீளமானவை. எனவே தமிழில் எழுதுபவர்கள் பக்கத்தை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும்: காட்சியை வாய்விட்டுப் படித்து, செயல்கள் நடக்கும் இடைவெளியையும் மனத்தில் ஓடவிட்டு, எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துக் காட்சிகளுக்கு இப்படிச் செய்தால் உங்கள் பக்கத்துக்கு எத்தனை விநாடி என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும். மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். துறை எதைப் பயன்படுத்துகிறதோ அதையே பயன்படுத்துங்கள்.

இதே பருவத்தில் படம் பார்க்கும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு படத்தை முதல்முறை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்; வசனமில்லாமலே எவ்வளவு புரிகிறது என்பது வியப்பாக இருக்கும், எங்கே ஒன்றும் புரியவில்லையோ அங்கே எழுத்தாளர் வசனத்தின் மேல் சாய்ந்திருக்கிறார் என்று பொருள். மூன்றாம் முறை ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அட்டை எடுத்து, அதில் யாருக்கு என்ன வேண்டும், காட்சியின் முடிவில் என்ன மாறியது என்று இரண்டே வரிகள் எழுதுங்கள். அட்டைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தால் படத்தின் எலும்புக்கூடு தெரியும். ஒன்றுமே மாறாத காட்சிகள் நல்ல படங்களிலும் ஒன்றிரண்டு இருக்கும், அவை ஏன் வெட்டப்படவில்லை என்று யோசிப்பது தனிப் பாடம். பருவத்துக்கு மூன்று படங்களை இப்படிப் பிரித்தால் போதும். முப்பது படங்களை மேலோட்டமாகப் பார்ப்பதில் கிடைக்காதது அதில் கிடைக்கும்.

பயிலரங்கு

படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முறை எளிது: பக்கங்களை இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே குழுவுக்கு அனுப்பிவிடுவீர்கள், எல்லாரும் படித்துவிட்டு வருவார்கள், சில இடங்களில் மாணவர்களே பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு உரக்கப் படிப்பார்கள், பிறகு பேச்சு. பேசப்படும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது என்பது பல பயிலரங்குகளில் விதி. விதியாக இல்லாவிட்டாலும் அதை நீங்களே விதித்துக்கொள்ளுங்கள். 'அதைச் சொல்லத்தான் அந்த வரியை வைத்தேன்' என்று நீங்கள் விளக்கத் தொடங்கிய கணத்திலேயே பேசுபவர் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிட்டு மரியாதையைக் கடைப்பிடிக்கத் தொடங்குவார். திரையரங்கில் ஒவ்வோர் இருக்கைக்கும் போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது அல்லவா?

கேட்பதை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் சொன்னபடியெல்லாம் திருத்திவிடாதீர்கள். வாசகர் ஓரிடத்தில் இடறுகிறார் என்றால் அங்கே ஏதோ குறை இருக்கிறது. குறை என்னவென்று அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை, எப்படிச் சரிசெய்வது என்று அவர் சொல்வது அதைவிடவும் அரிதாகவே சரியாக இருக்கும். என் பயிலரங்கில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தாய் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்ய இரண்டு சகோதரிகள் சந்திக்கும் காட்சியை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதல் வரைவு இப்படி இருந்தது:

உள். வீடு – பகல்

மாலதி (35), சுமதி (41) எதிரெதிரே நிற்கிறார்கள்.

மாலதி
அம்மா படுத்த படுக்கையா இருந்த ரெண்டு வருஷமும் நான்தான் பார்த்துக்கிட்டேன். நீ ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கலக்கா.

சுமதி
எனக்கு மட்டும் வரணும்னு ஆசை இல்லையா? என் வேலை அப்படி.

மாலதி
உனக்கு எப்பவும் ஒரு காரணம் இருக்கும்.

குழுவில் பெரும்பாலோர் 'வசனம் இயல்பாக இருக்கிறது' என்றார்கள். ஒருவர் மட்டும், 'இவர்கள் எந்த அறையில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை' என்றார். எனக்கு அது அற்பமான குறையாகப் பட்டது. காட்சித் தலைப்பில் 'சமையலறை' என்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைச் சேர்த்த பிறகுதான், சமையலறையில் நிற்கும் இருவரும் அங்கே ஒன்றுமே செய்யாமல் பேசிக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நான்காவது வரைவு இது:

உள். அம்மாவின் சமையலறை – பகல்

பாதி காலியான அலமாரிகள். தரையில் அட்டைப்பெட்டிகள். மாலதி உட்கார்ந்து ஒரு பெட்டியின் மேல் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள். சுமதி உள்ளே வருகிறாள், தோளில் இன்னும் பயணப்பை.

சுமதி ஓர் அலமாரியைத் திறக்கிறாள். காலி டப்பாக்கள். மூடுகிறாள். அடுத்ததைத் திறக்கிறாள். பழைய செய்தித்தாள்கள். மூன்றாவதன் கைப்பிடியில் கை வைக்கிறாள்.

மாலதி
(நிமிராமல்)
டம்ளர் இடது பக்கம், கீழ.

சுமதி குனிந்து திறக்கிறாள். ஒரே ஒரு டம்ளர். அதன் பக்கத்தில் மருந்துச் சீட்டுகள், தேதிவாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்ட கட்டு.

டம்ளரை எடுக்காமல் கதவை மூடுகிறாள்.

முதல் வரைவில் சொல்லப்பட்ட அத்தனையும் இதில் இருக்கிறது: யார் இந்த வீட்டில் வாழ்ந்தாள், யார் விருந்தாளி, இரண்டு ஆண்டுகள் என்ன நடந்தது. குற்றச்சாட்டு மட்டும் வாயிலிருந்து அலமாரிக்கு இடம் மாறிவிட்டது. அந்த நண்பர் அறையைப் பற்றிக் கேட்டிராவிட்டால் இந்த வரைவு வந்திருக்காது, அவர் சொன்னதை மட்டும் திருத்தியிருந்தாலும் வந்திருக்காது. குறிப்புகளைக் கேட்ட அன்றே திருத்தத் தொடங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டு நாட்கள் கழித்து எடுத்துப் பாருங்கள், ஒரே இடத்தைப் பற்றி வெவ்வேறு விதமாகப் பேசிய குறிப்புகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள், அவை எல்லாமே ஒரே குறையைத் தொட்டிருக்கும்.

பிறருடைய பக்கங்களுக்குக் குறிப்புச் சொல்வதில் சோம்பல் வேண்டாம். உங்கள் முறை பருவத்தில் மூன்றோ நான்கோ முறைதான் வரும். மற்ற வாரங்களில் எல்லாம் நீங்கள் வாசகர். 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்பவற்றால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பக்கத்தில் கவனம் சிதறியது, எந்த இடத்தில் அடுத்து நடக்கப்போவதை முன்பே ஊகித்துவிட்டீர்கள், எந்தப் பாத்திரம் எப்போது மறைந்துபோனது என்று சொல்லுங்கள். தயாரிப்பு நிறுவனங்களில் வரும் திரைக்கதைகளைப் படித்து மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது பட்டம் பெற்றவர்களுக்குக் கிடைக்கும் தொடக்க வேலைகளுள் ஒன்று, அதற்கான பயிற்சி இதுவே.

தொலைக்காட்சிக்கு எழுதுவது

திரைப்படத்தையும் தொலைக்காட்சித் தொடரையும் ஒரே படிப்பில் கற்பித்தாலும் இரண்டும் வேறு வேலைகள். திரைப்படக் கதை ஒரு மாற்றத்தை நோக்கி ஓடி முடிந்துவிடும். தொடருக்கு முடியாத ஒரு சிக்கல் வேண்டும். நாற்பது அத்தியாயங்களுக்குப் பிறகும் அதே மனிதர்கள் அதே இடத்தில் புதிதாக மோதிக்கொள்ளக் காரணம் இருக்க வேண்டும். எனவே தொடர்ப் பயிலரங்கில் முதல் அத்தியாயமான பைலட்டை எழுதும் முன், இந்தத் தொடரின் பத்தாவது அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று கேட்பார்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் உங்களிடம் இருப்பது தொடர் அல்ல, நீட்டப்பட்ட திரைப்படம்.

தொடர் எழுதுவது கூட்டு வேலை. எழுத்தாளர் அறை என்று அழைக்கப்படும் இடத்தில் பல எழுத்தாளர்கள் பலகையின் முன் அமர்ந்து, ஓர் அத்தியாயத்தின் முதன்மைக் கதையையும் கிளைக்கதைகளையும் காட்சி காட்சியாகப் பிரித்து ஒட்டிய பிறகே ஒருவர் தனியே போய் எழுதுவார். ஷோரன்னர் எனப்படும் தலைமை எழுத்தாளர் இறுதியில் அதைத் திருத்துவார். தமிழில் கதை விவாதம் என்று சொல்வதற்கு இது நெருங்கிய உறவு, ஆனால் எழுத்தாளர் அறையில் ஒவ்வொருவருக்கும் எழுத்தாளர் என்ற பெயரும் ஊதியமும் உண்டு. இந்த அறையைப் போலவே நடத்தப்படும் வகுப்பு இருந்தால் தவறாமல் சேருங்கள். உங்கள் யோசனை நிராகரிக்கப்பட்ட அடுத்த நிமிடமே இன்னொருவரின் யோசனையை முழுமனத்தோடு வளர்ப்பதும், பிறர் உருவாக்கிய பாத்திரத்தின் குரலில் எழுதுவதும் தனியே உட்கார்ந்து கற்கக்கூடியவை அல்ல. என்னைப் போன்று தனிமையை விரும்பி எழுத்துக்கு வந்தவர்களுக்கு முதல் மாதம் கொடுமையாக இருக்கும்.

தொழிலின் நிலவரத்தையும் இந்த வகுப்பில்தான் அறிந்துகொள்வீர்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் 2023-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் 148 நாட்கள் நீடித்தது; எழுத்தாளர் அறையில் குறைந்தபட்சம் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதும் செயற்கை நுண்ணறிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதும் அதன் முக்கியக் கோரிக்கைகளில் இடம்பெற்றன. செயற்கை நுண்ணறிவைப் பற்றி உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் விதி இருக்கும், அதைப் படித்துக்கொள்ளுங்கள். விதி அனுமதித்தாலும் முதல் வரைவை இயந்திரத்திடம் கேட்காதீர்கள். மோசமான முதல் வரைவை நீங்களே எழுதி, அது ஏன் மோசம் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் அங்கே சேர்ந்திருக்கிறீர்கள்.

படப்பிடிப்பும் படத்தொகுப்பும்

உங்கள் ஆண்டிலேயே படிக்கும் இயக்குநர்களோடும் படத்தொகுப்பாளர்களோடும் முதல் மாதத்திலிருந்தே பழகுங்கள். எட்டுப் பக்கக் குறுந்திரைக்கதை ஒன்றை, இரண்டு நடிகர்களும் ஒரே இடமுமாக எளிதில் எடுக்கக்கூடியபடி எழுதி எப்போதும் கையில் வைத்திருங்கள். கடைசி நேரத்தில் கதை கிடைக்காமல் தவிக்கும் இயக்கம் பயிலும் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது இருப்பார். படப்பிடிப்பில் எழுத்தாளருக்குப் பெரிதாக வேலை இருக்காது. படத்தொகுப்பு அறையில் மட்டும் அனுமதி கேட்டு, ஓரமாக, பேசாமல் உட்கார்ந்துவிடுங்கள். நான் ஒரு வாரம் முழுக்கச் செதுக்கிய ஒரு வசனத்தைப் படத்தொகுப்பாளர் ஒரே சொடுக்கில் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கேட்பவரின் முகத்தை இரண்டு விநாடி கூடுதலாக வைத்தார். காட்சி நன்றாகிவிட்டது. அன்று மாலை முழுவதும் எனக்குக் கோபம்தான். அடுத்த கதையில் பாதி வசனங்களை நானே வெட்டினேன்.

படமாக்க வழியில்லாத கதைகளுக்கு மேசை வாசிப்பு நடத்துங்கள். நடிப்புத் துறை மாணவர்கள் நான்கு பேர், ஒரு காலி வகுப்பறை, செயல்விவரங்களைப் படிக்க ஒருவர் இருந்தால் போதும். நீங்கள் படிக்கக் கூடாது, கேட்க வேண்டும். நடிகர் ஒரு வரியில் தடுக்கினால் அந்த வரியின் பக்கத்தில் கோடு போடுங்கள். பாடமொழி எதுவாக இருந்தாலும், வசனத்தை முதலில் பாத்திரம் பேசக்கூடிய மொழியில் காதால் கேட்டுவிட்டு எழுதுபவர்களின் பக்கங்களில் இந்தக் கோடுகள் குறைவாக விழும்.

கடைசி ஆண்டு

இறுதியாண்டில் ஒரு முழுநீளத் திரைக்கதையையோ பைலட்டும் தொடரின் முழுத் திட்டமும் சேர்ந்த தொகுப்பையோ ஒப்படைக்க வேண்டியிருக்கும். புதிய கதையைத் தொடங்கும் ஆசை அப்போது பலமாக இருக்கும். முந்தைய ஆண்டு பாதியில் கைவிட்ட கதையின் குறைகள் உங்களுக்கு ஏற்கனவே தெரியும் என்பதால், அதையே எடுத்துத் திருத்துவது பெரும்பாலும் நல்ல முடிவாக அமையும். காலத்தைப் பின்னாலிருந்து பிரித்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பாவது முழு வரைவு வாசகர்களின் கையில் இருக்க வேண்டும். கதைச் சுருக்கத்திலும் அட்டைகளிலும் பருவத்தின் மூன்றில் ஒரு பங்கைச் செலவிட்டாலும் அது வீண் அல்ல. முதல் வரைவை வேகமாக எழுதுங்கள், நின்று நின்று திருத்தினால் முதல் முப்பது பக்கங்கள் பளபளக்கும், கடைசி முப்பது பிறக்கவே பிறக்காது.

கதையை இரண்டு வாக்கியங்களில் சொல்லும் பயிற்சியும் இப்போது தேவை. யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தோற்றால் எதை இழப்பார் என்பவை அதற்குள் வந்துவிட வேண்டும். பிட்ச் எனப்படும் வாய்வழி அறிமுகத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்காமல், சினிமா பார்க்காத ஒரு நண்பரிடம் பலமுறை சொல்லிப் பழகுங்கள். அவர் எங்கே 'அப்புறம்?' என்று கேட்கிறாரோ அந்த இடத்தைத் தக்கவையுங்கள், எங்கே தொலைபேசியைப் பார்க்கிறாரோ அதை வெட்டுங்கள்.

உரிமை விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். படைப்புகளின் உரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதப்பட்ட கணத்திலிருந்தே பதிப்புரிமை எழுதியவருக்கு உண்டு, ஆனால் அது எழுத்துக்கான பாதுகாப்பே தவிர கருவுக்கானது அல்ல. ஆகவே தேநீர் இடைவேளையில் சொன்ன கருவை யாரோ எடுத்துவிட்டார் என்று வருந்துவதில் பயனில்லை. ஒவ்வொரு வரைவிலும் தேதியிட்டுச் சேமித்துவையுங்கள், இருவர் சேர்ந்து எழுதினால் யார் பெயர் எப்படி வரும் என்பதை முதல் பக்கத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். பிறர் எழுதிய நாவலைத் தழுவிப் பயிற்சிக்காக எழுதலாம், அதை உரிமை பெறாமல் விற்கவோ எடுக்கவோ முடியாது என்பதால் இறுதித் திட்டமாக அதைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நலம்.

படிப்பு முடியும்போது பலமுறை திருத்தப்பட்ட ஒரு முழுநீளத் திரைக்கதை, ஒரு பைலட், படமாக்கப்பட்ட ஒரு குறும்படம் ஆகியவை கையில் இருந்தால் வேலை தேடத் தொடங்கலாம். ஆனால் விடுதி அறையைக் காலி செய்யும் முன் முடித்துவிட வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. பயிலரங்கில் உங்கள் பக்கங்களை உண்மையாகப் படித்த மூன்று நான்கு பேரை அழைத்து, அடுத்த ஆறு மாதங்களுக்கு மாதம் ஒரு நாள் என்று தேதிகளைக் குறித்து, முதல் தேதிக்கு யார் பக்கங்கள் அனுப்புவது என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். யாரும் முன்வராவிட்டால் உங்கள் பெயரையே எழுதிவிடுங்கள்.